ருக்குவின் மோதிரத்துப் புலிக்கண் கல்

என் ருக்குவுக்கு,

வரிசையில்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

1. உன் மோதிரக் கல்லின் தன்மை
2. அதன் பயன்
3. அது உண்டான விதம்
4. இந்த ஆண்டுப் படையல்

கொல்லிமலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் வேறெப்படி எழுதுவான்?

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்ற கையோடு நீ வாங்கிய கல் அது. கண்ணாடியோ என்று சந்தேகப்பட்டேன். உடைந்த கண்ணாடிச் சில்லின் மேல் இழுத்தேன்; சில்லில்தான் கீறல் விழுந்தது. விரலை அசைத்தால் பழுப்புப் பட்டைகளின் மேல் ஒரு பொன்னொளி நகர்ந்தது. “கல்லுக்கும் பரீட்சை வெக்கறீங்களே, பாஸாயிருச்சுங்களா?” என்றாய்.

பயன் சிறிதுதான்: மோதிரம், மணிமாலை. மேடாக இழைத்தால் ஒளி நன்றாக ஓடும். பயத்தைப் போக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. என் பயத்துக்காகத்தான் அதை வாங்கினாயோ?

அடுத்ததை எழுதத்தான் தயக்கம். பாறை வெடிப்பில் முதலில் நீல நார்க்கனிமம் இருந்தது, அது அழிய அழியக் குவார்ட்ஸ் வந்து அதன் இடத்தையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டது, நாரிலிருந்த இரும்பு துருவேறிப் பொன்பழுப்பானது என்று விளக்கினேன். நீ மோதிரத்தைத் திருப்பிக்கொண்டே, “செத்தவ எடத்துல ஒக்காந்துட்டு அவ சாயல்லயே மின்னுதாக்கும். என்னையாட்டந்தானுங்க” என்றாய்.

பார்வதி இறந்தபின் இந்த வீட்டுக்கு வந்தவள் நீ. ஆண்டுதோறும் அவளுக்குப் படைத்த சேலையை, வழக்கப்படி, நீயே உடுத்தினாய். அன்று “அப்படியில்லை” என்று ஒரு சொல் எனக்கு வரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆண்டுகள் அதை மனதில் சுமந்தாய்?

நீ போனபின் வரும் முதல் படையல் இது; நேற்று தேவி வந்தாள். பார்வதி பெற்று, நீ வளர்த்த பெண். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, வளைவுகளில் தலைசுற்றி, வந்ததும் கேட்டாள்:

“அப்பா, இந்த வருசம் அம்மா சேலைய யாருங்க உடுத்தறது?”

“எந்த அம்மா, கண்ணு?”

“ரெண்டு பேரும் அம்மாதானுங்களே.” சொல்லிவிட்டு அழுதாள். நானும்.

இரண்டு சேலை வைக்கிறேன், ருக்கு, பக்கத்தில் பக்கத்தில். உறவினர் முன்னால் உன் பெயரை நானே வாய்விட்டுச் சொல்வேன். நாலு பேர் கூடினால் என் குரல் எழும்பாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன்.

அந்தக் கல்லைப் பற்றி மறுபடி படித்தேன். வெடிப்பு சிறிது சிறிதாகத் திறக்கத் திறக்க, நாரும் குவார்ட்ஸும் சேர்ந்தே வளர்ந்தன என்கிறார்கள் பின்னால் ஆராய்ந்தவர்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்காரவில்லை. நீ இருக்கும்போதே இதைத் தேடிப் படித்திருக்கலாம். மேலே மூன்றாவதாக எழுதியது, அன்று உனக்குச் சொன்னது, தவறு.

உன் வீட்டுக்காரன்