மேலாளர் அறையில் குடித்த டீ

மார்ச் 3

வேலைநிறுத்தம் மூன்றாவது வாரத்துக்குள் வந்துவிட்டது. கேட்டில் கூட்டம் குறையவில்லை, சத்தம்தான் குறைந்திருக்கிறது. இத்தனை நாள் சங்கத் தலைவராக இருந்ததில் சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறவர்களைக் கண்டால்தான் பயமாக இருக்கிறது.

தம்பி காலையில் கண்ணாடி உலைக்குப் போனான். பாட்டில் வேலை முழுக்க நின்றாலும் உலை ஆட்கள் மட்டும் உள்ளே போவது எங்கள் சங்கத்தின் பழைய ஏற்பாடு. தோளில் சங்கத்துச் சிவப்புத் துணி கிடக்கும், கேட்டில் நிற்பவர்கள் வழி விடுவார்கள். தீயை மட்டும் பார்த்துக்கொள்வார்கள், ஒரு பாட்டில்கூட இறக்க மாட்டார்கள். தீ அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி இறுகி, உலைச் சுவர் பிளந்துவிடும். பிறகு இடித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். இந்த நிர்வாகம் கட்டுமா?

இன்றும் வழி விட்டார்கள். ஆனால் ஒருவன், "உங்க தம்பிக்கு மட்டும் வேலை நடக்குதேக்கா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மார்ச் 4

நாளை பேச்சுவார்த்தை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: சோதனைப் பிரிவுப் பெண்களைக் காண்ட்ராக்ட்டுக்கு மாற்றக் கூடாது. நானும் அந்தச் சோதனை மேசையிலிருந்து எழுந்து வந்தவள்தான். வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும் பாட்டில்களில் விரிசல் தேடித் தேடியே எனக்கு எதைப் பார்த்தாலும் விரிசல் தெரிகிற புத்தி வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்வார்.

சங்கச் செயலாளரும் கூட வருகிறார். அவருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். நல்ல மனுஷன்தான். அவசரம் அதிகம்.

மார்ச் 5

தப்புப் பண்ணிவிட்டேன்.

பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் மைக் கேட்டுக்குத் தகவல் சொல்லப் போனார். எழுந்து நிற்கப் பார்த்தேன், கண் இருட்டியது. மேலாளர் டீயை என் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டேன். முழு டம்ளரும்.

பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் நிர்வாகம் தரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டம். ஒரே ஒரு பிஸ்கெட் தின்றதற்காக ஒருவரைக் கமிட்டியிலிருந்து எடுத்தவளே நான்தான்! கண்ணாடித் தொழிற்சாலையில் மேலாளர் அறைக்குச் சுவர் எப்படி இருக்கும்? நான் அண்ணாந்து குடித்ததைக் கேட்டில் நின்ற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் இது. டம்ளரை நான் கீழே வைத்ததும் மேலாளர் சாதாரணமாகக் கேட்டார், "உலை ஆளுங்கள எப்ப வெளிய எடுக்கப்போறீங்க?" எடுக்க மாட்டோம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய ஆளுக்கு ஏன் முகம் விழ வேண்டும்?

அவர்களுக்கு உலை அணைய வேண்டும். எங்கள் கையால் அணைய வேண்டும். பழியை எங்கள் தலையில் போட்டு ஆலைக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். வேறென்ன?

மார்ச் 6

காலையில் "அக்கா டீ குடிச்சாங்களாம்" என்று கிளம்பிய பேச்சு மத்தியானத்துக்குள் டிபனாகிவிட்டது. சாயங்காலம் விருந்து. வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "நாளைக்கு நீயே நின்னு பரிமாறினேன்னு சொல்வாங்க, பாத்துக்கோ" என்றார். சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மார்ச் 8

வீட்டில்கூட டீ போடுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9

கமிட்டிக் கூட்டம். நான் பயந்தது நடந்தது. உலை ஆட்களையும் வெளியே எடுப்போம், அப்போதுதான் நிர்வாகத்துக்குச் சுடும் என்று மைக் சொன்னார். பாதிப்பேர் மேசையைத் தட்டினார்கள். மேலாளர் என்னிடம் கேட்டதைச் சொன்னேன், அவர் முகம் போன விதத்தையும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், "டீ குடிக்கும்போது கேட்டாராக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மைக் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் நான் சொன்னதை அவரும் நம்பவில்லை.

என் வாயில் வருகிற நிஜம்கூட இப்போது டீ வாசனை அடிக்கிறது போலிருக்கிறது. நாளை மறுநாள் பொதுக்கூட்டம்.

மார்ச் 10

தம்பியிடம் கேட்டேன், கூட்டம் வெளியே வா என்று சொன்னால் என்ன செய்வாய் என்று. கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"நீ சொன்னா உள்ள இருப்பேன். சங்கம் சொன்னா வெளிய வருவேன். இதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுக்கா."

சங்கம் வேண்டாம் என்ற பிறகு உள்ளே போனால் அவன் கருங்காலி. போகாவிட்டால் உலை போய்விடும். அவனை எந்தப் பக்கம் தள்ளுவது?

மார்ச் 11

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே எனக்கு வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

மைதானம் நிறைந்திருந்தது. மைக் பேசி முடித்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. நான் எழுந்தேன். ஒரே கூச்சல். அப்படியே நின்று அந்த முகங்களைப் பார்த்தேன். உலைமேல் யாருக்கும் கோபம் இல்லை. தினமும் அதன் சூட்டில் நின்று வேலை பார்த்தவர்கள், அதை அணைக்க யாருக்குத்தான் மனசு வரும்? கோபமெல்லாம் என்மேல்தான். என்னை ஒன்றும் செய்ய முடியாமல் உலையைக் கேட்கிறார்கள்.

மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"பிஸ்கெட்டுக்கு ஒரு ஆளை எடுத்தோம். டீ குடிச்சது நான். என்னை எடுங்க. தலைவர் பதவி, கமிட்டி, எதுவும் வேணாம். உலைய மட்டும் விட்டுடுங்க."

கூச்சல் நின்றது. மைக்குக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என்னை எடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவர் பிஸ்கெட்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. நான் சங்கத்தில் சேர்த்துவிட்ட கைகள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன கைகள். வலித்தது. நன்றாகவே வலித்தது.

கடைசியில் மைக், மைக் மாதிரியே இல்லாமல் மெதுவாகச் சொன்னார், "சரி. உலை ஆளுங்க உள்ளயே இருக்கட்டும்."

மார்ச் 12

தம்பி துணியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனான். தெருமுனையில் நின்று பார்த்தேன், வழி விட்டார்கள். மனசு மாறி நாளைக்கு மறித்தால்? கேட்கக்கூட இனி எனக்கு உரிமை இல்லை.

மார்ச் 15

புகைபோக்கியைப் பார்ப்பதுதான் இப்போது என் உத்தியோகம். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 20

முடிந்தது. பாட்டில் வாங்குகிற கம்பெனிகள் நெருக்கியதில் நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் நிரந்தரமாகவே இருக்கிறார்கள். உலை சூடாக இருந்ததால் மத்தியானமே முதல் பாட்டில் இறங்கிவிட்டதாம். மைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவழியாகப் போனார்கள். நானும் கைதட்டினேன். நிஜமாகவே சந்தோஷம்தான். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன்.

தம்பி துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான்.

ஜூலை 2

பழைய மேசைக்கே வந்துவிட்டேன். கண்ணுக்குப் பழக்கம் விடவில்லை, கழுத்துத்தான் முணுமுணுக்கிறது. மைக் தலைவரான பிறகு அவருக்கு முதல் பேச்சுவார்த்தை இன்று, போனஸ் விஷயம். அது முடிந்து என் மேசைப் பக்கம் வந்து கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தார். உதடெல்லாம் காய்ந்திருந்தது. பேச்சு முறிந்துவிட்டது என்றார். அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அக்கா, டீ இருக்கா?"

பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிற பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஸ்ட்ரைக் வந்தா உலை ஆளுங்களும் வெளிய வருவாங்களான்னு மேலாளர் கேட்டார்க்கா. வர மாட்டாங்கன்னு சொன்னேன்."

மூடியை என் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னார், "அவர் முகம் விழுந்துடுச்சு."

நான் மூடியை வாங்கி இன்னொரு முறை ஊற்றிக் கொடுத்தேன்.