கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

கருகிய தேயிலையின் வாடை சட்டையை விட்டுப் போகவில்லை. கட்டபெட்டு பேக்டரியிலிருந்து குன்னூர் ஆபீசுக்கு வந்து முகம் கழுவியும் மூக்கிலேயே நிற்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ இந்த ஆபீசை விட்டுப் போனதும், நீ எழுதிய கணினி ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டார்கள். இங்கிருந்தபடியே பேக்டரிக் கணினிக்குள் நுழைந்து, ஒரு கட்டளை அனுப்பி, பதில் வந்து, அதைப் படித்த பிறகே அடுத்ததை அனுப்புமே, அதை. "ரொம்ப லேட் ஆகுதுங்க" என்றார் புது மேனேஜர். அவர் கொண்டுவந்த புது ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டும். எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும். நேற்று இலை வாட்டும் தொட்டியில் காற்றாடி நின்றுபோனது. காற்று இல்லை, சூட்டை ஏற்றலாமா என்று கணினி கேட்டது. 'ஆம்' போய்ச் சேர்ந்தது. அங்கே இலை கருகிக்கொண்டிருக்க, இங்கே திரையில் பச்சை எழுத்தில் 'முடிந்தது'. தூ!

நீ அதை எழுதிய மழைக்காலத்தில் லைன் அடிக்கடி அறுந்துபோகும். நான் பொறுமையில்லாமல் கீபோர்டைத் தட்டப் போவேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். "கேட்டுப்போட்டுச் சும்மா இருடா. அது வாயத் தொறக்கட்டும்." டீக்கடையிலும் அப்படித்தான். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை டம்ளரைப் பிடித்தபடி நிற்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

இன்று பேக்டரியில் விசாரணை. எழுதும் வேலை எனக்கு. தொட்டியைக் கவனிக்கும் ராசம்மாளை நிற்கவைத்து, "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்றார் மேனேஜர். அவள் உதடு அசையுமுன்பே என் பக்கம் திரும்பினார். "தூங்கிட்டாங்கன்னு எழுதுங்க. நாளையிலிருந்து வேலை இல்லை." அந்த ஸ்கிரிப்டே சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அவங்க இன்னும் பதில் சொல்லலைங்க."

"என்னத்தைச் சொல்லப்போறாங்க?"

நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, நீ திரையைப் பார்ப்பது போல ராசம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் இருமினார், நாற்காலியை நகர்த்தினார். எனக்கும் ஏதாவது சொல்லித் தொலைக்கலாம் என்று வாய் துடித்தது. சொல்லவில்லை.

"காத்தாடி நின்னதுமே போன் பண்ணுனேனுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "எல்லாம் சரியாத்தான் ஓடுதுன்னு சொல்லி போனை வெச்சுட்டாங்க."

"யாரு?" என்றார் மேனேஜர்.

"நீங்கதானுங்க."

பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை என் மணிக்கட்டில் உன் பிடி இருந்தது.