சத்தத்தைப் பதிந்து வைத்த எழிலண்ணனுக்கு

என் செல்ல எழிலண்ணா,

உன் அறைக்கு மேலே கான்கிரீட் போட்டாயிற்று. தகர ஷீட்டைப் பிரித்த அன்று நைனா வீட்டிலேயே இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை எடுக்கப் போகிறேன் என்று போனவர் சாயங்காலம்தான் வந்தார். இனி எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. இதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், கோபப்படாதே. செஞ்சி கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாய். சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டுப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவாய். அங்கே ஏதாவது ஒரு மொட்டை மாடியிலோ ஹோட்டல் பின்கட்டிலோ பங்க் இசைக் குழுக்கள் பாடும். ஒரு கிதார், ஒரு டிரம், தொண்டை கிழியக் கத்தல். ஆரம்பித்த வேகத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடும். வாடகை, சாதி, வேலை இல்லாதது என்று எல்லாவற்றையும் திட்டுவார்கள். கேட்க வருகிறவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அவர்களை எந்தக் கம்பெனியும் ரெக்கார்டு பண்ணாது. நீ பண்ணினாய்.

முதலில் குழுவிடம் கேட்பாய். சரி என்றால்தான் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன ரெக்கார்டர் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்குகளில் சேர்த்து வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா அனுப்புவாய். எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் ஊர்க் குழுக்களைப் பதிந்து உனக்கு அனுப்புவார்கள். பிரேசில்காரர் ஒருவர் அனுப்பினதை நீ ஆசையாகப் போட்டுக் காட்டியபோது, "இன்னாடா இது, மிக்சில கல்லு மாட்டிக்கிச்சா?" என்று அம்மா கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாய்.

"தப்பா பாடற எடத்தயாச்சும் வெட்டேன்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சோ அதான் செல்வி. வெட்டிட்டா அது வேற நாளு."

அந்தப் புயல் மழையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. மலைத் தண்ணீர் மொத்தமும் நம் தெருவுக்குள் இறங்கியது. எல்லோரும் பெரியப்பாவின் மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். விடிந்ததும் நீ லுங்கியை மடித்துக் கட்டினாய்.

"டிஸ்க்கெல்லாம் டேபிளுக்குக் கீழ இருக்குது. தண்ணி ஏறிடும்."

"வாணாம்டா. போனா போவுது" என்றார் நைனா.

"கரன்ட்தான் இல்லியே நைனா. தோ வந்துடறேன்."

டிஸ்க்குகளை எல்லாம் எடுத்துப் பரணில் வைத்திருக்கிறாய். அப்புறம் கம்ப்யூட்டரைத் தூக்கப் போயிருக்கிறாய். அந்த நேரத்தில் கரன்ட் வந்துவிட்டது. உன்னைத் தேடி வந்த நைனா, மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் உன்னைத் தொட முடிந்தது. டிஸ்க்குகள் மேல் ஈரம்கூடப் படவில்லை அண்ணா.

காரியம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போய்த் திரும்பினால் உன் அறை காலி.

"இன்னாமா பண்ண?"

"பழைய சாமான்காரன் வந்தான். போட்டுட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"எம்புள்ளைய முழுங்கினதுங்க. அதுங்கள வூட்ல வெச்சிப் பூஜை பண்ணணுமா?"

செருப்பு மாட்டாமல் பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். டிஸ்க்குகளை மத்தியானமே உடைத்து லோடு ஏற்றிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். "தெரியாம போச்சும்மா" என்று அவர் கையைப் பிசைந்தார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இணையத்தில் நீ ஏற்றி வைத்ததைத் திறக்கும் பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீரில் விழுந்த உன் போன் உயிர் பெறவே இல்லை. ஊரார் போனையெல்லாம் பிழைக்க வைத்தவன் நீ. உன் போனை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்?

போன மாதம் வினோதினி வந்தாள். 'ஓட்டை வாளி' என்ற குழுவில் பாடிய சென்னைப் பெண். குழு கலைந்துவிட்டதாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி கேட்டுக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். நைனா டீ வாங்கி வந்தார். அவள் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா. எழிலண்ணன்கிட்ட இருக்குன்ற தைரியத்துல நாங்க யாரும் எடுத்து வைக்கல. ஏதாவது கிடைக்குமா?"

அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "அங்க வந்து அவன் இன்னா பண்ணுவான்?" என்று கேட்டாள்.

"தூண் ஓரமா நிப்பாரும்மா. அசையவே மாட்டார். பாட்டெல்லாம் மனப்பாடம், ஆனா கூடப் பாட மாட்டார். ரெக்கார்டுல விழுந்துடுமாம்."

"சாப்டுவானா?"

"பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எங்களோட பரோட்டா சாப்பிடுவார்."

"நாந்தாம்மா தூக்கிப் போட்டேன். அதுல பாட்டு இருக்குதுன்னு தெரியும். தெரிஞ்சிதான் போட்டேன்" என்றாள் அம்மா. வினோதினி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் உன்னிடம் வாங்கினவர்களைச் சென்னையிலிருந்து அவளும் இங்கிருந்து நானும் தேடினோம். போன் மாறிவிட்டது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டு அழித்துவிட்டேன் என்றே பதில் வந்தது. பிரேசில்காரரிடம் மட்டும் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் ஓட்டை வாளி பாடினது. அத்தனை வருஷத்தில் மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை.

தானும் கேட்க வேண்டும் என்றாள் அம்மா. ஹெட்போனை நான் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கத்தலுக்கு நடுவே எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தமும் அடங்கியது.

"அவன் எங்க?"

"அண்ணன் பேசாதும்மா. ரெக்கார்டு பண்ணும்போது பேசக் கூடாது."

"ஒரு இருமல்கூடவா இல்ல?"

"இல்லம்மா."

"இன்னொருவாட்டி போடு."

மறுபடி போட்டேன். நீ இல்லை. தண்ணீர் கேட்கிற பையன் இருக்கிறான், தெருநாய் இருக்கிறது, வெளியே ஒரு ஆட்டோகூட இருக்கிறது. நீ மட்டும் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கமும் உனக்கு இல்லை. உன் குரல் எங்களிடம் எதிலுமே இல்லை அண்ணா. எல்லோர் சத்தத்தையும் காப்பாற்றியவன், உன்னுடையதை மட்டும் ஏன் இத்தனை கவனமாக மறைத்தாய்? நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டா நின்றாய்?

அந்தப் பதிவை வினோதினிக்கு அனுப்பிவிட்டேன். வேறு யார் கேட்டாலும் உன்னைப் போலவே சும்மா அனுப்புவேன். அம்மா இப்போது தினமும் சமையலை முடித்துவிட்டு வந்து ஹெட்போனுக்குக் கை நீட்டுகிறாள். இதுவரை நாங்கள் கவனிக்காமல் விட்ட ஏதோ ஓர் இடத்தில் நீ இருப்பாய் என்று நம்புகிறாள். நீ இல்லை என்று இனி ஒருமுறைகூட அவளிடம் சொல்ல மாட்டேன். அவள் கேட்கிற வரைக்கும் போட்டுக் கொடுப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி