இடப்பக்கத்துச் சக்கரம்

4-6-1979, திங்கள்
கந்தவேல் பத்தாவதில் மறுபடியும் பெயில். நானே எட்டோடு நின்றவன். மகனைத் திட்ட வாய் வரவில்லை. ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் சேர்த்துவிடலாம் என்றேன். களத்தில் கிடக்கும் பழைய மிலிட்டரி லாரியைக் காட்டினான். "ஆடிப் பதினெட்டுக்குள்ள இத ஓட்டிக் காட்டறனுங்ப்பா. இல்லாட்டி ஆலைக்கே போயிக்கறேன்."

ஏலத்தில் அதை எடுத்து வந்த புத்திசாலி நான்தான். ஐந்து வருசமாய்க் கோழி அடைகாக்கிறது. சரி என்றேன்.

29-6, வெள்ளி
நாலு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு ஜாக்கி. அதை வைத்தே எஞ்சினை இரும வைத்துவிட்டான். கோழி ஓடிவிட்டது.

14-7, சனி
எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் துருவேறி இறுகியிருக்கிறது. வலப்பக்கத்தைக் கழற்றிச் சரிசெய்துவிட்டான். இடப்பக்கத்து நட்டு அசையவில்லை. "தள்ளுடா" என்று ஸ்பேனரில் குழாயைச் சொருகி ஏறி மிதித்தேன். போல்ட்டு ஒடிந்தது.

15-7
இன்னொன்றும். போல்ட்டு முனையில் 'எல்' என்று இங்கிலீஷ் எழுத்து.

"என்னங்ப்பா இது?"

"எல் போர்டுடா. இவன் கத்துக்குட்டின்னு மிலிட்டரிக்காரன் அப்பவே எழுதி வெச்சிருக்கான்."

அவன் சிரிக்கவில்லை.

16-7
இடுப்பு வலி. வேறொன்றுமில்லை.

22-7, ஞாயிறு
மூன்றாவதும் போச்சு. ஆறில் மிச்சம் மூன்று. இன்னும் ஒன்று ஒடிந்தால் சக்கரம் நிற்காது. "உன்னால ஆவாதுடா, ஆலைக்குப் போ" என்று கத்திவிட்டேன்.

பெண்டாட்டி நல்லம்மாள் சும்மா இருப்பாளா? "ஏனுங்க, ஒடைக்கறது நீங்க, திட்டு எம்பையனுக்கா?"

மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

23-7
நான் மாட்டைப் பிடிக்கப் போயிருந்தபோது, ஸ்பேனரை எதிர்ப்பக்கமாகத் திருகிப் பார்த்திருக்கிறான். கழன்று வந்துவிட்டது. எல் என்றால் லெப்டாம். இடப்பக்கத்துக்கு மட்டும் மரை தலைகீழாம், மற்றதை இறுக்குகிற பக்கம் திருகினால்தான் இது கழலுமாம். அப்படியென்றால் இத்தனை நாளும் உயிரைக் கொடுத்து நான் இறுக்கிக்கொண்டிருந்தேன்!

சொல்லும்போது அவன் குரலில் கேலியே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

3-8, வெள்ளி, ஆடிப் பதினெட்டு
எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது. பிரேக் பாதிதான் பிடிக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போட நான் கூடவே ஓடினேன். "அப்பா, கட்ட! கட்ட போடுங்க!" வாய்க்கால் வரைக்கும் இதே கூச்சல். பின்னால் நல்லம்மாள்: "கிளீனரே, மெதுவா! வேட்டி அவுந்துரப் போவுது!"

திரும்பும்போது ஏறி உட்காரலாம் என்று போனேன். இடப்பக்கத்துக் கதவில், கிளீனர் ஏறுகிற இடத்தில், சாக்பீஸால் பெரிதாக ஒரு 'எல்'. யார் எழுதியது என்று கேட்கவில்லை. துடைக்கவும் இல்லை.

நாளை ஆலைக்காரருக்கு ஒரு கார்டு எழுத வேண்டும், பையன் வரமாட்டான் என்று.