அகரவரிசையில் முதல் பெயர்

அக்கா,

இன்று காலை ஆடித் திருவிழா அழைப்பிதழுக்கான பெயர்ப் பட்டியலை லேப்டாப்பில் திறந்தேன். கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் இன்னமும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் சேலையில் நீங்கள் சிரிக்கும் அந்தச் சின்னப் படம். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் எல்லாரும் உங்கள் கோப்புக்குள்தான் வந்து போய்க்கொண்டிருக்கிறோம்.

கரங்கான் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு பக்கமாகக் கூலிம், ஜித்ரா, பினாங்கு என்று போன பிறகு, கோயில் கமிட்டியைக் கூட்டுவதே பெரும்பாடாக இருந்தது. நீங்கள் செயலாளர், நான் துணை. ஒரு பெயரைச் சேர்க்க ஒன்பது பேருக்கு ஃபோன் அடிப்போம். "எங்க ஃபேக்டரி ஆபீஸ்ல ஒரே ஃபைல்ல பத்துப் பேரு வேலை செய்றாங்க தம்பி, நாமளும் அப்படிச் செஞ்சா என்னா?" என்று நீங்கள்தான் பட்டியலை இணையத்தில் ஏற்றி, குழுவில் லிங்க் அனுப்பினீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டதுதான் தப்பு.

உபயம் செய்யும் குடும்பங்களில் யார் பெயர் மேலே வருவது என்பதற்காக நம் கூட்டத்தில் நாற்காலி பறந்ததுண்டு. அது தெரிந்தும் விட்டுவிட்டோமே! அந்த ஞாயிற்றுக்கிழமை கரங்கான் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ ஆறிக்கொண்டிருக்க, இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜித்ராவிலிருந்து ஒருவர் தன் அப்பா பெயரை முதல் வரிக்கு ஏற்றினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பினாங்குக்காரர் அதைக் கீழே தள்ளித் தன் பெயரை வைத்தார். ஒலிபெருக்கி மாமா குழுவில் குரல் பதிவே போட்டுவிட்டார்: "கோயிலுக்கு மொத மொத ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தது எங்கப்பா லா. நாங்க எப்படிக் கீழ நிக்கிறது?"

எனக்கு வியர்த்துவிட்டது. உங்களுக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பாரு தம்பி, சண்டை நடக்குது, ஆனா ஒரு சத்தம் இல்ல. நம்ம கமிட்டியில இவ்வளவு அமைதியா எப்ப நடந்திருக்கு?"

பிறகு பழைய பதிவுகளுக்குள் போய் காலையில் இருந்த பட்டியலை மீட்டெடுத்தீர்கள். இனி அகரவரிசைதான், யாரும் கை வைக்க முடியாது, நானும் நீங்களும் மட்டும்தான் திருத்தலாம் என்று அறிவித்தீர்கள். அப்போதுதான் பார்த்தேன், அகரவரிசைப்படி முதலில் வந்து நின்றது உங்கள் பெயர். சட்டென்று அழித்துவிட்டீர்கள்.

"சட்டம் போட்டவளே முன்னுக்கு நின்னா என்னா சொல்வாங்க? வேணாம் லா."

அதற்குப் பிறகு மூன்று திருவிழாவுக்கும் நமக்குள் இதே விளையாட்டு. நான் உங்கள் பெயரை எழுதுவேன். எங்கிருந்துதான் பார்ப்பீர்களோ, அடுத்த நிமிடமே காணாமல் போகும். ஓரத்தில் ஒரு குறிப்பு முளைக்கும்: "தம்பி, சேட்டை வேணாம்." அந்த மூன்று குறிப்புகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. மூன்று அழைப்பிதழ்களிலும் உங்கள் குடும்பத்தின் பெயர் மட்டும் இல்லை. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை நின்றது நீங்கள்தானே என்று எனக்கு உள்ளுக்குள் கோபமாகவே இருந்தது. முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று உங்கள் பெயரை முதல் வரியில் எழுதினேன். முன்னால் 'அமரர்' என்று சேர்க்க வேண்டும். அந்த ஒரு சொல்லை அடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு எல்லாருக்கும் திருத்தும் உரிமையைத் திறந்துவிட்டு, குழுவில் சொன்னேன்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஜித்ராக்காரர் வந்தார், பினாங்குக்காரர் வந்தார், பார்த்துவிட்டுப் போனார்கள். ஒலிபெருக்கி மாமா மட்டும் ஃபோன் செய்தார். "அக்கா பேரு மேலயே இருக்கட்டும் தம்பி. யாராச்சும் கை வச்சா என்கிட்ட சொல்லு."

நாளைக்கு அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். வேலை எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தாலும் திரையை மூட மனம் வராமல் அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து அதை அழித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், அக்கா.