உடல் அசதி என்று எழுதிய கை

புரட்டாசி 9, வியாழன்

இன்று என் மீதே எனக்கு அருவருப்பு உண்டாகிறது.

கேளம்பாக்கத்தில் எங்கள் மருத்துவமனைக்கு வருவோரின் உபாதையைக் கேட்டுச் சீட்டில் எழுதுவது என் பணி. யாரை முதலில் அழைப்பது என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார். பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். பிழையற்ற தமிழை நானாகவே கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

காலையில் நெம்மேலியிலிருந்து துப்புரவுப் பணி செய்யும் ஒரு பெண் கணவனோடு வந்தாள்.

"மாரு அடைச்சிகினு கீதுக்கா. தாடை வரிக்கும் இழுக்குது. ஒரே பேஜாரு."

இவர்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள் என்று எண்ணி, "உடல் அசதி" என்று எழுதினேன். கடைசி வரிசையில் அமரவைத்தேன். என்னைப் பெற்றவளும் இப்படித்தான் பேசுவாள். சென்ற வாரம் அணுபுரத்து அதிகாரிகள் குடியிருப்பிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் இதே வலியை நயமான சொற்களில் கூறியபோது, நானே அவரை ஈசிஜி அறைக்கு அழைத்துச் சென்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் நாற்காலியிலிருந்து சரிந்தாள். மாரடைப்பு. ஆம்புலன்சை வரவழைத்துச் செங்கல்பட்டுக்கு அனுப்பினோம். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

வண்டியில் ஏறுமுன் அவள் கணவன் என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதான்.

"நீ உள்ள குந்த வச்சதால தான்க்கா உசுரு கீது. இல்லாங்காட்டி வூட்லயே போயிருப்பா."

"மனம் தளராதீர்கள்" என்று திருத்தமாகக் கூறி, அந்த நன்றியை நான் பெற்றுக்கொண்டேன்.