கோலாட்டத்தை விட்டவள் மருத்துவம் படிக்கலாமா

அனுப்புநர்
மா. பவானி, பத்தாம் வகுப்பு மாணவி,
த/பெ மாரிச்சாமி,
படகுத்துறைத் தெரு, டாலா.

பெறுநர்
திரு. பெத்தபெருமாள் அவர்கள்,
தலைவர், தமிழர் மாலைப் பள்ளிச் சங்கம்,
பசுந்தாங், யங்கோன்.

பொருள்: இரண்டு பாடங்களை விட்டதைக் காரணம் காட்டி, இலவச அறிவியல் வகுப்பில் எனக்கு இடம் மறுத்தது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் மாலைப் பள்ளியில் தமிழ், கணக்கு, தேவாரம், கோலாட்டம் என நான்கு பாடங்கள் உள்ளன. கடைசி இரண்டையும் நான் சென்ற ஆண்டு விட்டேன். தமிழிலும் கணக்கிலும் முதல் மதிப்பெண் என்னுடையது. இதைத் தங்கள் தேர்வுக் குழு மறுக்கவில்லை. பொருட்படுத்தவும் இல்லை.

2. மருத்துவம் படிக்க விரும்பும் ஒரு பிள்ளைக்குச் சங்கம் ஆண்டுதோறும் இலவச அறிவியல் வகுப்பில் இடம் வாங்கித் தருகிறது. சென்ற ஞாயிறு அதற்கான நேர்காணல். குழு உறுப்பினர் திரு. தியாகராஜன் அவர்கள் என்னிடம் அறிவியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஏம்மா, நாலு பாடத்துக்கே மூச்சு வாங்குதே, நாளைக்குப் பொணத்த எப்பிடி அறுப்ப?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிணத்தைக் கோலாட்டக் குச்சியால் அறுப்பதில்லை என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. "பாடத்தைக் குறைச்ச பிள்ளைய காலேஜ்ல சேக்க மாட்டாங்க" என்று திரு. ராமகிருஷ்ணன் அவர்கள் தீர்ப்புக் கூறினார். மருத்துவக் கல்லூரி பார்ப்பது பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வின் ஆறு பாட மதிப்பெண்களை. அந்த ஆறில் நான் எதையும் விடவில்லை. பகலில் நான் படிக்கும் அரசுப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை பல்கீஸ் அவர்களின் மகன் மருத்துவம் படிக்கிறார். மகன் கோலாட்டம் படித்தாரா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "கோலாட்டமா? அவன் கல்யாண வீட்லகூட கைதட்ட மாட்டானே!" என்றார். இருந்தும் அந்த மகனைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

4. ஏன் விட்டாய் என்று குழு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தேவாரம், கோலாட்டம் முடியும்வரை இருந்தால் டாலாவுக்குக் கடைசிப் படகு போய்விடும். ஒருமுறை போய்விட்டது. சம்பான் என்னும் சிறு துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்தேன். பாதி ஆற்றில் அது தண்ணீர் வாங்கியது. மறுகரையில் தான் மிதித்து ஓட்டும் சைக்கா வண்டியோடு காத்திருந்த அப்பா என்னைத் திட்டவில்லை. என் கையைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு, வண்டியில் ஏறச் சொன்னார். மறுநாளே இரண்டு பாடங்களையும் விட்டேன்.

5. குழுவினர் அனைவரும் பள்ளிக்கு எதிர்வரிசையில் குடியிருப்பவர்கள். வகுப்பு முடிந்ததும் தெருவைக் கடந்தால் வீடு. அந்தச் சுமையை அவர்கள் இத்தனை ஆண்டுகள் தாங்கியது பாராட்டத்தக்கது.

6. இடம் பெற்ற லக்ஷ்மிப்ரியா என் தோழி. நன்றாகப் பாடுவாள். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவாள். அவள் படிக்க விரும்புவது வணிகவியல். பெரியவர்களிடம் வேண்டாம் என்று சொல்லப் பயந்து, என்னை எழுதச் சொன்னாள். இதையும் குழு கேட்கவில்லை.

ஐயா, அந்த வகுப்பு சனி, ஞாயிறு பகலில் நடப்பதால் எனக்குப் படகு கிடைக்கும். காசு கொடுத்து வேறு வகுப்புக்குப் போக எங்களால் இயலாது. ஜூன் மாதம் வகுப்பு தொடங்குமுன் எனக்கு மறுபடியும் நேர்காணல் நடத்தும்படி வேண்டுகிறேன். இம்முறை அறிவியலில் கேள்வி கேட்கட்டும். எத்தனை கடினமானாலும் சரி.

நேர்காணலை டாலாவில் எங்கள் வீட்டிலேயே மாலையில் வைத்துக்கொள்ளலாம். குழுவினர் திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தங்கப் பாய் தருவோம். கோலாட்டத்துக்கு மட்டும் இடம் போதாது.

டாலா,
12.05.2004

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மா. பவானி